பவரா, சிக்னலா? நியூயார்க் சப்வே நடுவழியில் நின்ற நாட்கள்

ஃபாரஸ்ட் ஹில்ஸ், குயின்ஸ்

வணக்கம். ஊரிலிருந்து வந்து இரண்டு மாதமே ஆன ஒரு தம்பி போன வாரம் இங்கே சப்வே (சுரங்க ரயில்) பற்றிக் கேட்டிருந்தார்: "ட்ரெயின் நடுவில் நின்றுவிட்டால் உள்ளேயே உட்கார்ந்திருப்பதா, அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவதா?" ஒரு வரியில் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன், முடியவில்லை. அதனால் என் கதையையே எழுதுகிறேன். மற்றவர்களும் அவரவர் பகுதிப் பெயரை மேலே போட்டு எழுதுங்கள்.

2016-இல் எனக்கு மன்ஹாட்டனில் ஒரு நேர்காணல். காலை 9 மணி, லெக்சிங்டன் அவென்யூ 53-ஆம் தெரு. வீட்டருகே ஈ எக்ஸ்பிரஸ் (இங்கே தடங்களுக்கு எழுத்தும் எண்ணும்தான் பெயர்) ஏறினால் மாறாமல் போய் இறங்கலாம் என்று 8 மணிக்கே ஏறிவிட்டேன். ரூஸ்வெல்ட் அவென்யூவில் கதவு திறந்தபடியே ஐந்து நிமிடம் நின்றது. ஸ்பீக்கரில் கரகரவென்று ஒரு அறிவிப்பு. குயின்ஸ் பிளாசா, சிக்னல், எஃப் என்று மூன்று சொல்தான் என் காதில் விழுந்தது. பெட்டியில் பாதிப் பேர் எழுந்து மாடிப்படியை நோக்கி ஓடினார்கள். ஏன் ஓடுகிறார்கள் என்று யாரையாவது கேட்டிருக்கலாம். வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வண்டி கிளம்பியது. அடுத்து வந்தது குயின்ஸ் பிளாசா இல்லை, 21-ஆம் தெரு குயின்ஸ்பிரிட்ஜ். அதற்கடுத்து ரூஸ்வெல்ட் தீவு. நான் பார்த்தே இராத ஸ்டேஷன்கள். ஈ என்று பலகை போட்ட வண்டி எஃப் தடத்தில் ஓடிக்கொண்டிருந்தது, நான் என்னமோ வேறு ஊருக்கே போவதுபோல வியர்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் லெக்சிங்டன் 63-இல் இறங்கினேன். பாதாளத்திலிருந்து ஏறுவதுபோல எஸ்கலேட்டருக்கு மேல் எஸ்கலேட்டர். வெளியே வந்து பத்து தெரு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேரும்போது 9:12. எனக்கு நேர்காணல் வைக்கவேண்டியவர் 9:30-க்குத்தான் வந்தார், அவரும் அதே சிக்னலில் மாட்டியவர். வேலை கிடைத்தது. ஆனால் அந்தப் பத்து தெருவும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது இன்னும் மறக்கவில்லை.

இதை எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் பெரியவரிடம் சொன்னேன். கயானாக்காரர். சப்வேயில் சிக்னல் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். (அவருடைய பாட்டியின் அம்மா மதராஸிலிருந்து கப்பலேறியவராம். தமிழ் ஒரு சொல் தெரியாது, மாரியம்மன் பூஜை மட்டும் வருடம் தவறாமல் செய்வார்.) அவர் சொன்ன முதல் வாக்கியத்தைத்தான் நான் எல்லாருக்கும் சொல்கிறேன்: "வண்டி நின்றதும், போனது பவரா, சிக்னலா என்று கண்டுபிடி. மற்றதெல்லாம் அதற்கப்புறம்."

இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்திருந்தேன். இல்லை. வண்டியை இழுப்பது, சக்கரம் ஓடும் இரண்டு தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்றாவது தண்டவாளத்தில் வரும் 625 வோல்ட் நேர்மின்சாரம். சிக்னலுக்கு வருவது வேறு வழியில். புரூக்ளினில் பழைய கோர்ட் தெரு ஸ்டேஷனுக்குள்ளேயே ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே என்னையும் என் மகனையும் கூட்டிப்போய் விளக்கினார். தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் தண்டவாளத்தின் வழியாகவே சிறு மின்னோட்டம் விடுவார்கள். அது ஒரு ரிலேயை (மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்) பிடித்துவைத்திருக்கும். பிடித்திருக்கிற வரைக்கும் அந்தத் துண்டு காலி என்று அர்த்தம். ஒரு வண்டி அந்தத் துண்டுக்குள் வந்தால், சக்கரமும் அச்சும் மின்னோட்டத்தைக் குறுக்கே கடத்திவிடும். ரிலே விழும். பின்னால் வருகிற வண்டிக்குச் சிவப்பு. சிவப்பை மீறினால் தண்டவாள ஓரத்தில் நிமிர்ந்திருக்கும் இரும்புக் கை வண்டியின் பிரேக்கைத் தட்டிவிடும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. கம்பி அறுந்தாலும், தண்ணீர் இறங்கினாலும், தண்டவாளம் உடைந்தாலும், சிக்னலுக்கு வரும் மின்சாரம் நின்றாலும் அதே ரிலே விழும், அதே சிவப்பு வரும். கோளாறு வந்தால் வண்டி நிற்கும்படிதான் கட்டியிருக்கிறார்கள். அது தெரிந்தபிறகு, இருட்டில் நிற்கும்போது எனக்கு வரும் பயம் பாதியாகக் குறைந்தது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஏசி சத்தத்தைக் கேளுங்கள். ஏசி ஓடி, விளக்கு முழுதாக எரிந்தால் பெரும்பாலும் சிக்னல். அனுமதி வாங்கிக்கொண்டு ஆமைவேகத்திலாவது வண்டி நகரும், இல்லை வேறு தடத்துக்குத் திருப்புவார்கள். ஏசி சட்டென்று அடங்கி, சில விளக்கு மட்டும் மங்கலாக எரிந்தால் பவர் போய்விட்டது, பேட்டரியில் நிற்கிறது. அப்போது வண்டி தானாக எங்கும் போகாது. (தண்டவாளங்கள் பிரியும் இடத்தில் ஒரு நொடி விளக்கு அணைந்து எரிந்தால் அது சாதாரணம், பயப்பட வேண்டாம்.)

ஜாக்சன் ஹைட்ஸ்

அண்ணா எழுதியதைப் படித்ததும் எனக்கு 2003 ஆகஸ்ட் 14 ஞாபகம் வந்துவிட்டது. இங்கே பலர் அப்போது அமெரிக்காவுக்கே வந்திருக்க மாட்டீர்கள். வியாழக்கிழமை, மாலை நாலு மணி தாண்டிப் பத்து நிமிடம். அமெரிக்காவின் வடகிழக்கிலும் நடுமேற்கிலும் கனடாவின் ஒண்டாரியோவிலுமாக ஐந்து கோடிப் பேருக்கு ஒரே மாலையில் கரண்ட் போனது.

நான் ஆர் ட்ரெயினில், லெக்சிங்டன் 59-ஆம் தெருவுக்குக் கொஞ்சம் முன்னால். நீங்கள் சொன்ன அதே அடங்கல்தான். ஏசி நின்றது, பிறகு நாற்பது பேர் மூச்சு விடுவது கேட்டது. செப்டம்பர் 11 முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எல்லார் மனதிலும் ஒரே நினைப்பு, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கண்டக்டர் அம்மா டார்ச்சோடு பெட்டி பெட்டியாக வந்து, "இது நம் வண்டி மட்டும் இல்லை, ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை, நான் உங்களோடுதான் இருக்கிறேன்" என்றார். ஒன்றரை மணி நேரம் கழித்து முன்பெட்டி வழியாக ஏணி வைத்து இறக்கி, சுவரோர நடைமேடையில் வரிசையாக நடத்திக் கூட்டிப்போனார்கள். முன்னால் போனவரின் பையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

மேலே வந்தால் குயின்ஸ்பரோ பாலம் பக்கத்திலேயே. கார் போகும் பாதை முழுக்க மனிதர்கள். செல்போன் வேலை செய்யவில்லை. என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது, அவளைப் பார்த்துக்கொண்ட பங்களாதேஷ் அக்கா வீடு 74-ஆம் தெருவில். பாலம் இறங்கியதும் எனக்கு வழி தெரியாது, நான் எப்போதும் பூமிக்கடியில்தானே வந்துபோவேன். ஒரு பெரியவர் மேலே கைகாட்டினார். தலைக்கு மேல் 7 ட்ரெயினின் இரும்புத் தூண்கள். "இதன் அடியிலேயே நட, ரூஸ்வெல்ட் அவென்யூ வந்துவிடும்." செருப்புக் கடித்துக் கையில் எடுத்துக்கொண்டேன். ஒரு கடையில் குல்ஃபி உருகிவிடும் என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என் மகள் பருப்பும் சோறும் முகமெல்லாம் அப்பிக்கொண்டு தூங்கியிருந்தாள். அந்த அக்கா அன்றைக்குக் கூடுதல் காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

அடியில் போகிற தடம் மேலே எந்தத் தெருவில் போகிறது என்று ஒருமுறையாவது நடந்து பார்த்துவிடுங்கள். நான் சொல்வது இது ஒன்றுதான்.

அப்பர் வெஸ்ட் சைட்

என்னுடையது சின்னது. 2021 ஆகஸ்ட் 29, ஞாயிறு இரவு, 2 ட்ரெயின், 72-ஆம் தெரு தாண்டி நின்றது. விளக்கும் எரிந்தது, ஏசியும் ஓடியது. ஆனால் டிரைவருக்கே ஒன்றும் தெரியவில்லை, கட்டுப்பாட்டு மையத்திலிருந்து பதிலே வரவில்லை என்றார். எண் போட்ட தடங்களும் எல் தடமும் மொத்தமாக நின்றிருந்தன, 80-க்கும் மேற்பட்ட வண்டிகள். கரண்ட் போனது தண்டவாளத்தில் இல்லை, வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற மையத்திலேயே என்று அப்புறம்தான் தெரிந்தது. யாரோ தவறுதலாக அவசரப் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும் என்று விசாரணை அறிக்கை சொன்னது. அந்தப் பொத்தான் மேல் இருக்கவேண்டிய பிளாஸ்டிக் மூடி இல்லையாம். ஒரு மூடி! எனக்கு இன்றும் ஆறவில்லை. நைட் ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்த நர்ஸ் நான். எனக்காக ஒருத்தி பன்னிரண்டு மணி நேரம் முடிந்தும் வார்டிலேயே காத்திருந்தாள்.

பார்க் ஸ்லோப், புரூக்ளின்

அண்ணா, அப்பா அம்மாவை ஊரிலிருந்து கூட்டிவருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2024 டிசம்பர் 11 மாலை ஐந்து மணி சுமாருக்கு டவுன்டவுன் புரூக்ளினில் பவர் போய், ஜே தெரு பக்கம் இரண்டு எஃப் ட்ரெயின் சுரங்கத்திலேயே நின்றது. இரண்டிலும் சேர்த்து 3,500 பேர், இரண்டு மணி நேரத்துக்கு மேல். நானும் அப்பாவும் அதில் ஒன்றில் இருந்தோம். அப்பாவுக்கு 68 வயது, சுகர். திருநெல்வேலியிலிருந்து வந்து ஒன்பதாவது நாள்.

அரை மணி ஆனதும் அப்பா, "எதுக்குடா உட்காந்திருக்கோம், இறங்கி நடந்துரலாம்ல" என்று கதவுப் பக்கம் போனார். ஊரில் வண்டி நின்றால் குதித்து இறங்கி, ஜல்லியில் நடந்து போய்விடுவோமே. அவர் கேட்டது அவர் அளவில் நியாயம்தான். நம் ஊர் மின்சார ரயிலுக்குக் கரண்ட் தலைக்கு மேலே கம்பியில் வருகிறது. இங்கே காலடியில், தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே. போன கரண்ட் எந்த நொடியும் திரும்பலாம். இதை அவருக்கு நான் ஏறும்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த இருட்டில், கூட்டத்துக்கு நடுவே சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஒரு மணி நேரத்தில் அப்பாவுக்குப் படபடப்பும் வியர்வையும். பையில் ஒன்றும் இல்லை, ஆறு மணிக்கு வீட்டில் சாப்பிடலாம் என்ற தைரியம். எதிரே இருந்த ஸ்பானிஷ் பேசும் அம்மா அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். ஆரஞ்சு ஒன்றை உரித்து, சுளை சுளையாக அவர் கையில் கொடுத்தார். அப்பா மறுக்காமல் வாங்கித் தின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன், வெளியில் யாரிடமும் எதுவும் வாங்கமாட்டார். கழிப்பறைக்கு வழியில்லாமல் பெரியவர்களும் குழந்தைகளும் பட்ட பாட்டை எழுத விருப்பமில்லை.

அங்கே இருந்த மின்கருவிகளில் சில 1930-களில் வைத்தவை என்று பிறகு படித்தேன். அப்பாவைவிட மூத்தவை. மாற்றுவதற்குக் காசு ஒதுக்குவதைத் தள்ளிப்போடுகிறவர்கள் அந்தப் பெட்டிக்குள் ஒரு மணி நேரம் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

ஃபாரஸ்ட் ஹில்ஸ், குயின்ஸ்

தம்பி, அப்பா இப்போது நலம்தானே? சுகர் இருக்கிறவர்கள் பையில் இரண்டு மிட்டாயாவது இல்லாமல் சப்வேயில் இறங்கவே கூடாது.

முதலில் கேட்ட தம்பிக்கு மீதியையும் சொல்லிவிடுகிறேன். பவர் போய் நின்றால் கதவைத் தொடாதீர்கள், ஊழியர் சொல்கிறவரை உள்ளேயே இருங்கள். சிக்னல் என்றால் வேறு தடம் கிடைக்கும் முதல் ஸ்டேஷனில் இறங்குவதா என்று யோசிக்கலாம். 7 தடமும் எல் தடமும் பெரும்பாலும் தங்கள் தண்டவாளத்தை யாரோடும் பகிர்வதில்லை. அதனால் ஈ, எஃப் குழம்புகிற அன்றைக்கும் 7 அதுபாட்டுக்கு ஓடும். ரூஸ்வெல்ட் அவென்யூவில் அன்று ஓடினவர்கள் 7-ஐப் பிடிக்கத்தான் மாடியேறினார்கள் என்று பிற்பாடு புரிந்தது. இந்த இரண்டு தடத்திலும் வண்டிகள் ரேடியோ வழியாகத் தம் இடத்தைச் சொல்லிக்கொள்ளும் புதிய சிக்னல் முறையும் வந்துவிட்டது, 7-இல் அது 2018-இல் முடிந்தது. மாறாக வெஸ்ட் 4-ஆம் தெரு என்று அறிவிப்பில் கேட்டால் உடனே மாற்று வழி தேடுங்கள். ஏ, பி, சி, டி, ஈ, எஃப், எம் ஏழும் அங்கே மேல்தளத்திலும் கீழ்தளத்திலுமாகக் கடக்கின்றன.

ஆபீசுக்குத் தாமதமானால் அன்றைய தாமதத்துக்கு இணையத்தில் விண்ணப்பித்துச் சான்று வாங்கலாம். புது வேலையில் இருக்கிறவர்கள் கூச்சப்படாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு புரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், இந்த ஊரில் அந்த ஒரு கேள்விக்கு எல்லாரும் பதில் சொல்வார்கள்.

தம்பி, நீங்கள் எந்த ஸ்டேஷனில் ஏறி எங்கே இறங்குகிறீர்கள் என்று எழுதுங்கள். மூன்றாவது மாடிப் பெரியவர் ஞாயிற்றுக்கிழமை டீக்கு வருகிறார். இரண்டு மாற்று வழி கேட்டு எழுதுகிறேன்.