மறு: நேச்சுரல் மெட்டல் ஃபினிஷ்: ‘பூசாமேனி’ எனலாமா?

வணக்கம்.

விமானத்துக்கு வண்ணம் அடிக்காமல் உலோகத்தை அப்படியே விட்ட மேற்பரப்பைத்தான் ஆங்கிலத்தில் ‘நேச்சுரல் மெட்டல் ஃபினிஷ்’ என்கிறார்கள். மாடல் விமானம் கட்டும் நாம் அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த சொற்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி வேலை மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். பக்கத்திலேயே 1/48 அளவில் பாதி முடிந்த பி-51டி மஸ்டாங், இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்கப் போர் விமானத்தின் மாடல், நிற்கிறது. ஒவ்வொரு சொல்லாக எடுத்து அந்த விமானத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தேன்.

> ‘இயற்கை உலோக முடிவு’ போதுமே, நேரடியாகப் புரிகிறதே.

எனக்குப் புரியவில்லை ஐயா. தமிழில் முடிவு என்றால் தீர்ந்துபோவது, அல்லது தீர்மானம். தச்சரும் பெயின்டரும் ‘ஃபினிஷிங் நல்லா வந்திருக்கு’ என்னும்போது மேற்பரப்பு கண்ணுக்கும் கைக்கும் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்கிறார்கள். ‘இயற்கை உலோகம்’ என்றதும் ஆற்று மணலில் அரித்தெடுத்த பொன் துகள்தான் நினைவுக்கு வருகிறது. அலுமினியமோ பாக்சைட் தாதுவிலிருந்து ஏகப்பட்ட மின்சாரம் செலவழித்துப் பிரித்தெடுப்பது.

> மாடல் கட்டுகிறவர்கள் ‘சில்வர் பிளேன்’ என்றுதான் சொல்கிறோம். ‘வெள்ளி நிற விமானம்’ என்றே வைத்துவிடலாம்.

இந்தச் சொல்லைத்தான் நான் முழுமூச்சாக மறுக்கிறேன். காரணம் மஸ்டாங்கிலேயே இருக்கிறது. 1943 முடியும் தறுவாயில் அமெரிக்க ராணுவ விமானப்படை, பெரும்பாலான போர் விமானங்களுக்கு உருமறைப்பு வண்ணம் அடிப்பதை நிறுத்த முடிவு செய்தது. எடை குறையும், தொழிற்சாலையில் நேரம் மிச்சம், கொஞ்சம் வேகமும் கூடும். அதனால் 1944-இல் ஐரோப்பாவுக்குப் போன பி-51டி விமானங்களின் உடல் பெரும்பாலும் வெறும் அலுமினியத் தகடாகவே இருந்தது. ஆனால் இறக்கை அப்படியில்லை. காற்று கலங்காமல் வழுக்கிப் போகவேண்டும் என்று வடிவமைத்த இறக்கை அது. ரிவெட் தலையும் தகடுகளுக்கு நடுவே உள்ள இடுக்கும் அந்த ஓட்டத்தைக் கெடுக்கும். ஆகவே தொழிற்சாலையிலேயே இறக்கைக்குப் பட்டி பார்த்து, தேய்த்து, மேலே அலுமினிய நிற லாக்கர் அடித்துவிட்டார்கள். வால் சுக்கானோ துணி போர்த்தியது, அதன் மேல் துணியை இறுக்கும் ‘டோப்’ என்ற வெள்ளி நிறப் பூச்சு.

தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் வெள்ளிதான். கிட்டப் போனால் உடலில் ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு விதமாக வெயிலை வாங்கும். இறக்கை சமமாக, மங்கலாக, ரிவெட்டே தெரியாமல் கிடக்கும். சுக்கான் இன்னும் மங்கல். எத்தனையோ நல்ல மாடல்களில் இறக்கையையும் உடல் போலவே பளபளவென்று தகடு தகடாகப் பிரித்து அடித்திருப்பதைப் பார்க்கிறோம். ‘வெள்ளி’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு யோசித்தால் கையும் அப்படித்தான் போகும். நமக்கு வேண்டிய சொல் இந்த மூன்றையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

> ‘பச்சை உலோகம்’? பச்சை மண், பச்சைச் செங்கல் என்கிறோமே.

இதைப் படித்ததும் மனம் குளிர்ந்தது அம்மா. வேலைப்பாடு எதுவும் சேராத நிலையைப் ‘பச்சை’ என்பது எவ்வளவு அழகான வழக்கு! ஆனால் அந்தக் காலத்து அமெரிக்க விமானங்களில் ஓட்டுநர் அறையின் உட்புறத்துக்கு உண்மையாகவே பச்சை வண்ணம் அடித்திருப்பார்கள். ‘வெளியே பச்சை உலோகம், உள்ளே பச்சை’ என்று செய்முறைக் குறிப்பில் எழுதினால் படிப்பவர் திணறிப்போவார். ‘இயல்மாழை’ பற்றியும் யோசித்தேன். மாழை என்றால் உலோகம், நல்ல பழஞ்சொல்தான், ஆனால் புதிதாகக் கிட் வாங்கிய பதினைந்து வயதுப் பையனுக்கு ஒன்றுக்கு இரண்டு சொல்லை விளக்க வேண்டிவரும்.

சரி, என் பரிந்துரை: பூசாமேனி.

வாடாமல்லி, செல்லாக்காசு மாதிரி ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இலக்கணப் பெயர் மறந்தவர்களுக்கும் வாய் தானாகச் சொல்லும் அமைப்பு. மேனி என்ற சொல்லில் உடலின் மேற்பரப்பு, நிறம், பொலிவு மூன்றும் அடங்கிவிடுகின்றன. ‘ஃபினிஷ்’ என்பதற்கு இதைவிட நெருக்கமாக ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. கோயிலில் உள்ள செப்புச் சிலையைத் திருமேனி என்பவர்கள் நாம்.

‘மாடலில் இருப்பது பிளாஸ்டிக், அதன் மேல் பெயின்ட்டைப் பூசித்தானே ஆகவேண்டும், அப்புறம் எப்படிப் பூசாமேனி?’ என்று கேட்பீர்கள். ஈயம் பூசினாப்பலயும் இருக்கணும், பூசாதாப்பலயும் இருக்கணும் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, இந்த வேலை முழுக்க அதுதான். பூசியதை மறைக்கப் பூசுவது. மாடலைக் குறிக்கும்போது ‘பூசாமேனித் தோற்றம்’ என்று சேர்த்துச் சொன்னால் குழப்பம் தீரும்.

அந்தத் தோற்றம் லேசில் வராது. என் மஸ்டாங்கின் இடப்பக்கம், ஓட்டுநர் அறைக்குக் கீழே, 600 எண் வாட்டர் பேப்பரோடு தேய்ப்பதை நிறுத்தியிருந்தேன். அடிப்பூச்சாகப் பளபளப்புக் கறுப்பை அடித்தபோது மங்கலாக ஏதோ தெரிந்தது, விட்டுவிட்டேன். அதன் மேல் அலுமினிய லாக்கரை, வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷின் காற்றழுத்தம் 15 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல், பனி இறங்குவதுபோல மூன்று தடவை தூவினேன். மூன்றாவது தடவையில் ஒவ்வொரு கீறலும் மயிரிழை மாதிரி எழுந்து நின்றது. சாதாரண வண்ணம் கீறலை மூடும். உலோக வண்ணம் அதைக் கூப்பிட்டுக் காட்டும். எல்லாவற்றையும் கழுவி, 1000, 1500, 2000 என்று மறுபடி தேய்த்தேன். வலப்பக்கத்துக்குச் சமையலறை அலுமினியத் தாளையே பசை தடவி, தகடு தகடாக வெட்டி ஒட்டிப் பார்த்தேன். மெல்லிய ஸ்டீல் உல்லால் ஒரே திசையில் தேய்த்தால், ஆலையில் உருட்டிய தகட்டில் இருக்கும் ரேகை வந்துவிடுகிறது. அடுத்த தகட்டுக்குத் திசையை மாற்றித் தேய்த்தால், ஒரே தாள் இரண்டு நிறமாகத் தெரிகிறது! அந்த ரேகைக்கு ‘உருட்டுரேகை’ என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நண்பர் தனிமடலில் கூர்மையாக ஒன்று கேட்டிருந்தார். அக்கால விமானங்களின் தகடு பெரும்பாலும் ஆல்கிளாட், அதாவது வலுவான அலுமினியக் கலவையின் இரு பக்கமும் தூய அலுமினியத்தை மெல்லிய ஏடாகச் சேர்த்தது. கலவை அரிக்காமல் இருக்க அந்த ஏடு. ‘அப்படியானால் அதுவும் பூசியதுதானே?’ என்பது அவர் கேள்வி. இல்லை என்பேன். அது தகடு உருளும்போதே அழுத்தி ஒட்டியது. தூரிகையும் தெளிப்பானும் அதில் படவில்லை. தமிழில் இதற்கெல்லாம் தனித்தனி வினை உண்டு: வண்ணத்தைப் பூசுகிறோம், முலாம் போடுகிறோம், துணியைப் போர்த்துகிறோம். ஆல்கிளாட் ‘ஏடு போர்த்த தகடு’. அதன் மேல் வண்ணம் இல்லாதவரை அது பூசாமேனியே.

இதே வேரிலிருந்து மற்றவையும் கிளைக்கின்றன. 2013 வரை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானங்கள் பலவற்றில் பார்த்த, தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிய உடலுக்கு ‘மெருகுமேனி’. எஃப்-100 சூப்பர் சேபர் ஜெட் போர் விமானத்தின் பின்பகுதியில் எஞ்சின் சூட்டில் நீலமும் வைக்கோல் நிறமும் ஏறிய உலோகத்துக்குச் ‘சூட்டுமேனி’. மஸ்டாங் இறக்கைக்கு ‘அலுமினியப் பூச்சு’. அங்கே பூச்சு என்ற சொல் வரவேண்டும், ஏனென்றால் அது பூசியதேதான். ‘வெள்ளிப் பூச்சு’ என்று எழுத வேண்டாம், குத்துவிளக்குக்கு முலாம் போட்டதுபோல ஆகிவிடும்.

ஒன்றே ஒன்று பாக்கி. மாடலில் குறிகளுக்காக ஒட்டும் மெல்லிய படமான டெக்கலுக்கு அடியில் காற்று சிக்கி வெள்ளையாகத் தெரிவதை ‘சில்வரிங்’ என்கிறோம். ‘வெளிறு பூத்தல்’ என்று எழுதிப் பார்த்தேன். நீறு பூத்த நெருப்பு என்பதுபோல ‘பூத்தல்’ சரியாகவே அமர்கிறது, ‘வெளிறு’தான் கொஞ்சம் இடறுகிறது. வரும் ஞாயிறு இறக்கையில் நட்சத்திரக் குறி ஒட்டப்போகிறேன். அதற்குள் யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.