புதுப்பிப்பு: டிரேக் நீரிணைக்கு எந்த அறை?

கப்பல் ஆட்டத்தில் குமட்டல், வாந்தி குறைய எந்த அறை எடுக்கலாம் என்பதற்கு, முந்தைய பதிவில் "கீழ்த்தளம், நடுப்பகுதி" என்று மட்டும் சொல்லியிருந்தேன். அது அரைகுறை. அர்ஜென்டினாவின் தென்கோடியிலுள்ள உஷுவாயா துறைமுகத்திலிருந்து அண்டார்டிகா போகும்போது, கொந்தளிப்புக்குப் பேர்போன டிரேக் நீரிணையைக் கடக்கச் சுமார் 2 நாள். அதற்குத் தகுந்த திருத்தங்கள் இவை.

கப்பல் முன்னும் பின்னும் ஏறி இறங்கும் அச்சு, பல கப்பல்களில் சரிநடுவில் இல்லை. சற்றுப் பின்தள்ளி இருக்கும். நடுவில் அறை கிடைக்காவிட்டால் பின்பக்கம் நகருங்கள், முன்பக்கம் வேண்டவே வேண்டாம். கடைசி முனையும் வேண்டாம், புரொப்பல்லர் அதிர்வு தூங்கவிடாது.

ஸ்டெபிலைசர் (கப்பலின் இருபுறமும் நீருக்கடியில் நீட்டும் துடுப்பு) பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் அடக்கும். முன்பின் ஆட்டத்துக்கு அது உதவாது. வேகம் குறைந்தால் அதன் பலனும் குறையும்.

குமட்டல் அடங்க, கீழ்த்தள வட்டச் சன்னலை நம்பி அடிவானம் பார்க்கலாம் என்று எண்ணாதீர்கள். கடல் கொந்தளித்தால் இரும்பு மூடி போட்டுவிடுவார்கள். நடுத்தள லவுஞ்சுக்குப் போய்விடுங்கள். பால்கனி அறை உயரத்தில் இருப்பதால் ஆட்டம் கூடும். இந்தக் கடலுக்கு அது வீண் செலவு என்பேன்.

மலிவான "கேரண்டி" டிக்கெட்டில் அறையைக் கம்பெனிதான் ஒதுக்கும், முன்முனையும் வரலாம்.

குமட்டல் மாத்திரையை (டாக்டரைக் கேட்டுவிட்டு), உஷுவாயாவிலிருந்து திறந்த கடலுக்குப் போகும் வழியான பீகிள் கால்வாயைத் தாண்டுவதற்கு 1 மணி நேரம் முன்பே போடுங்கள். வாந்தி தொடங்கிவிட்டால் வயிற்றில் தங்காது.