பழைய வண்டிக்குத் துருத் தடுப்பு பெயிண்ட்: அடித்த இடமெல்லாம் குமிழ் விடுகிறது, அவசர உதவி தேவை

ஓட்டுநர் மகன்:
வணக்கம். அப்பாவின் பழைய வண்டிக்கு வீட்டிலேயே துருத் தடுப்பு பெயிண்ட் அடித்தேன். நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் அடித்தேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, கீழ்ப்பக்கம் எல்லாம் குமிழ் குமிழாகக் கிளம்புகிறது. நகத்தால் கீறினால் பட்டையாக உரிந்து வருகிறது. எஃப்சிக்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) நாள் நெருங்கிவிட்டது. எந்த பெயிண்ட் வாங்கினால் நிற்கும்? தெரிந்தவர்கள் உடனே சொல்லவும்.

புதுவை டிங்கர்:
என்ன வண்டி? எந்த ஊர்? குமிழ் வந்திருப்பது கேபினிலா, பாடியிலா, சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்திலா? அடியில் என்ன பிரைமர், மேலே என்ன பெயிண்ட்? இவற்றைச் சொல்லாமல் பெயிண்ட் பெயரை மட்டும் கேட்டால் யாரும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது.

டீசல் வாசம்:
பெயிண்டே வேண்டாம் தம்பி. என்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலைச் சேஸிஸ் முழுக்கப் பூசுங்கள். புழுதி அதன்மேல் படிந்து கெட்டியான தோலாகிவிடும். எங்கள் காலத்து லாரிகள் எல்லாம் அப்படித்தான் ஓடின. ஒரு பைசா செலவில்லை.

கப்பல் பெயிண்டர்:
இந்தக் கேள்வி இங்கே வராத மாதம் இல்லை. பழைய விவாத இழைகளைத் தேடிப் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு டின்னின் பின்பக்கத்தைப் படிக்கும் பொறுமை எங்கிருந்து வரும்? மணல் வீச்சு அடித்து இரும்பை வெள்ளையாக்குங்கள். இரண்டு பாகத்தைக் கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர், அதன்மேல் இன்னொரு எபாக்சி, வெயில் படும் இடத்தில் பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட். இதைவிட்டு வேறு வழி கிடையாது. கடையில் கிடைக்கும் சிவப்பு பிரைமர் ஜன்னல் கம்பிக்கு அடிப்பது.

ஓட்டுநர் மகன்:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். டாடா 407, 2006 மாடல். சேஸிஸும் பாடியின் அடித்தகடும்தான். கிரைண்டரில் கம்பிக் கிண்ணம் (கிண்ண வடிவக் கம்பி பிரஷ்) போட்டுத் தேய்த்தேன், கழுவினேன், துருவைக் கறுப்பாக்கும் திரவம் பூசினேன், அடுத்த நாள் ரெட் ஆக்சைடு என்கிற சிவப்பு பிரைமர், அதன்மேல் கறுப்பு எனாமல். எல்லாம் பெயர் பெற்ற கம்பெனிச் சரக்குதான்.

மலைப்பாதை:
எந்த நேரத்தில் அடித்தீர்கள்? மாலையில் அடித்திருந்தால் பனி இறங்கியிருக்கும். தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலையைவிட)க் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். எங்கள் பக்கம் மேகமூட்டமான நாளில் டின்னைத் திறக்கவே மாட்டோம். என் கணிப்பில் ஈரம்தான் காரணம். ஊரையும் இன்னும் சொல்லவில்லையே?

புதுவை டிங்கர்:
இன்னொன்றும் சொல்லுங்கள். அந்தக் கறுப்புத் திரவத்தில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும். பூசிய பிறகு மிச்ச அமிலத்தைக் கழுவச் சொல்லி டின்னில் எழுதியிருந்ததா? சில வகையைக் கழுவ வேண்டும், சில வகையைக் கழுவவே கூடாது. கம்பிக் கிண்ணமும் ஒரு ஏமாற்றுக்காரன். துருவை எடுக்காமல் மெருகேற்றிவிடும். பளபளவென்று தெரியும், குழிக்குள் துரு அப்படியே உட்கார்ந்திருக்கும். எமரித் தாளும் கூர்மையான சுரண்டியும் கொண்டுதான் குழிகளைத் தோண்டி எடுக்க முடியும்.

டீசல் வாசம்:
இத்தனை வேதியியல் எதற்கு? பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறந்தது. கடலுக்கு நடுவில் நூறு ஆண்டுக்கு மேல் நின்றது. அந்தக் காலத்து இரும்பு அப்படி. இப்போது வரும் தகடு கோடை மழைக்கே கரைகிறது.

கப்பல் பெயிண்டர்:
பாம்பன் பாலம் இரும்பின் பெருமையால் நின்றதாகச் சொல்பவர் அங்கே தூரிகையோடு தொங்கியவர்களைப் பார்த்ததில்லை. சுரண்டுவதும் பெயிண்ட் அடிப்பதும் அரித்த பாகத்தை மாற்றுவதும் அங்கே ஓயாத வேலை. அப்படியும் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025இல் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். பழைய ஆயில் பூசவில்லை.

மலைப்பாதை:
பழைய ஆயில் பூசுவதை நானும் ஏற்க மாட்டேன். பிரேக் ஹோஸிலும் ரப்பர் புஷ்ஷிலும் ஆயில் பட்டால் ரப்பர் ஊறி உப்பிவிடும். மலையில் இறங்கும்போது ஹோஸ் வெடித்தால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழையில் அந்த ஆயில் ஓடிக் கிணற்றில்தான் சேரும்.

டீசல் வாசம்:
ஹோஸில் பூசச் சொன்னேனா? சட்டத்தில்தானே பூசச் சொன்னேன். பார்த்துப் பூசத் தெரியாதவன் வண்டியைத் தொடக் கூடாது.

மலைப்பாதை:
ஓடும் வண்டியில் ஆயில் பூசிய இடத்திலேயே நிற்காது ஐயா.

வேதியியல் வாத்தியார்:
இருவரும் சற்று நிறுத்துங்கள். கேட்டவருக்கு நாள் நெருங்குகிறது. தம்பி, உடையாத குமிழ் ஒன்றை ஊசியால் குத்திப் பாருங்கள். உள்ளே தண்ணீர் போல ஏதாவது வருகிறதா, வறண்டு இருக்கிறதா? வறண்டு, பெயிண்டின் அடிப்பக்கம் வழவழப்பாக இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கின்மேல் அடித்திருக்கிறீர்கள். நீர் வந்தால் காரணம் வேறு. வண்டி என்ன சுமை ஏற்றியது என்பதையும் சொல்லுங்கள்.

ஓட்டுநர் மகன்:
குத்திப் பார்த்தேன் ஐயா. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தது. துடைத்தால் கீழே இரும்பு கறுத்து, குழிகுழியாக இருக்கிறது. ஊர் தூத்துக்குடி. வண்டி உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றத்தான் ஓடியது, அப்பா இருந்தவரை.

புதுவை டிங்கர்:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும் தம்பி!

வேதியியல் வாத்தியார்:
அப்படியானால் பெயிண்டின்மேல் பழி இல்லை. துருக் குழிகளின் அடியில் உப்பு தங்கியிருக்கிறது. பெயிண்ட் படலம் வழியே ஈரம் மெல்ல மெல்ல ஊடுருவும். அடியில் உப்பு இருந்தால் அது அந்த ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், நீர் சேரச் சேரப் படலம் மேலெழும்பும். எத்தனை விலை உயர்ந்த எபாக்சியாக இருந்தாலும் உப்பின்மேல் அடித்தால் இதே கதிதான். மணல் வீச்சு அடித்தால்கூடக் குழிக்குள் இருக்கும் உப்பு முழுதாகப் போகாது, கழுவித்தான் ஆக வேண்டும். ஒரு கேள்வி: எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்?

ஓட்டுநர் மகன்:
வீட்டுப் போர் தண்ணீர். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் உவர்ப்புத்தான். குடிக்க மட்டும் குழாய்த் தண்ணீர் பிடிப்போம்.

வேதியியல் வாத்தியார்:
கிடைத்துவிட்டது. உவர்நீரில் கழுவிக் காயவிட்டால் நீர் ஆவியாகும், உப்பு இரும்பிலேயே நிற்கும். இருக்கிற உப்போடு இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கிறீர்கள்.

இப்படிச் செய்யுங்கள். குமிழ் விட்ட பெயிண்டையெல்லாம் சுரண்டி எடுங்கள். குழிகளைத் தோண்டுங்கள். முதலில் சோப்புத் தண்ணீர் போட்டு நார் பிரஷ்ஷால் தேயுங்கள், பிறகு குடிநீரால் அழுத்தமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். காயவிட்டு மறுபடி கழுவுங்கள். காயும்போது குழியின் அடியிலிருந்து உப்பு மேலே வரும், அதனால்தான் ஒரே கழுவல் போதாது.

போய்விட்டதா என்று அறிய வழி இருக்கிறது. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் பஞ்சை நனைத்து, சுரண்டிய இடத்தில் சிறிது நேரம் ஒற்றி வைத்து, ஒரு சுத்தமான கண்ணாடிக் குப்பியில் பிழியுங்கள். அதில் சில்வர் நைட்ரேட் கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். பால் போல வெளுத்தால் உப்பு இன்னும் இருக்கிறது. தெளிவாகவே இருந்தால் பெயிண்ட் அடிக்கலாம். வெறும் பேட்டரி தண்ணீரிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், அது வெளுக்கக் கூடாது. கையுறை போடுங்கள், பட்ட இடம் கறுத்துவிடும். பள்ளி ஆய்வகத்தில் கேட்டால் சிறிது கொடுப்பார்கள்.

கப்பல் பெயிண்டர்:
வாத்தியார் சொல்வது சரி. கப்பல் தளத்திலும் பெயிண்ட் அடிக்கும் முன் உப்புச் சோதனை உண்டு. ஆனால் வீட்டு வாசலில் இதெல்லாம் முழுதாக நடக்காது என்பதால்தான் நான் பட்டறைக்குப் போகச் சொல்கிறேன். வீட்டில்தான் செய்வேன் என்றால் இரண்டு விஷயம். எபாக்சியை அந்த அமிலத் திரவத்தின்மேல் அடிக்காதீர்கள், மிச்ச அமிலம் எபாக்சியைச் சரியாக இறுக விடாது. உங்கள் ஊரில் மாலைக் கடற்காற்றே உப்பைக் கொண்டுவந்து படிய வைக்கும். காலையில் கழுவி, உச்சி வெயிலில் காயவைத்து, அன்றே முதல் பூச்சை முடியுங்கள். மறுநாள் இரண்டாம் பூச்சுக்கு முன் குடிநீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

புதுவை டிங்கர்:
பெயிண்டுக்கு முன் சிறு சுத்தியலால் சட்டம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். மொத்தென்று கேட்கும் இடத்தில் தகடு தின்றுபோயிருக்கிறது. அங்கே பெயிண்ட் பயன்படாது, வெல்டிங்தான். முதன்மைச் சட்டமாக இருந்தால் வீட்டில் கை வைக்காதீர்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். சட்டத்தை ஒட்டி ஓடும் பிரேக் பைப்புகளையும் பாருங்கள், துரு தின்றிருந்தால் மாற்றிவிடுங்கள்.

சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டரைக் கொண்டுபோகவே கூடாது. எஃப்சியில் அந்த எண்ணைத் தாளில் பென்சில் அச்சு எடுப்பார்கள். எழுத்து தேய்ந்திருந்தால் பெரிய வம்பு. அங்கே தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய ஒரு பூச்சு போதும்.

மலைப்பாதை:
வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். சக்கர அச்சுக்கு அடியில் கட்டை கொடுங்கள். பழைய பிரைமரில் குரோமேட் இருக்கலாம், அந்தத் தூள் நுரையீரலுக்குப் பெருங்கேடு. நனைத்துச் சுரண்டுங்கள், நல்ல முகக்கவசம் போடுங்கள்.

டீசல் வாசம்:
தூத்துக்குடி உப்பு வண்டி என்றால் நானும் பெயிண்டுக்கே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுமை இறக்கிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் எந்த பெயிண்டும் நிற்காது. இது என் அனுபவம்.

ஓட்டுநர் மகன்:
எல்லோருக்கும் நன்றி. குடிநீர் லாரி சொல்லிக் கழுவினோம். முதல் சோதனையில் பாலாக வெளுத்தது, கடைசியில் தெளிந்துவிட்டது. குறுக்குச் சட்டம் ஒன்று மொத்தென்று கேட்டது, பட்டறையில் மாற்றியாயிற்று. எபாக்சி இரண்டு பூச்சு முடிந்தது. திங்களன்று எஃப்சி. வேலை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

புதுவை டிங்கர்:
நல்லது. போகும் முன் கதவுகளின் அடியிலும் பாடி ஓரங்களிலும் உள்ள நீர் வடியும் துளைகளை ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். பெயிண்ட் அடைத்திருந்தால் தண்ணீர் உள்ளேயே நிற்கும்.