இப்போது என்ன திறந்து வைத்திருக்கிறீர்கள்? திறந்த பிறகு சுவை மாறியதா?

மால்ட்மணம்:

எல்லாருக்கும் வணக்கம். இப்போது உங்கள் கிளாஸில் என்ன விஸ்கி இருக்கிறது என்று கேட்கத்தான் இது, ஆனால் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். மூடியைத் திறந்த அன்று எப்படி இருந்தது, பாதி காலியான பிறகு எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எனக்கு அதுதான் முக்கியம்.

என்னிடம் இப்போது இரண்டு பாட்டில் திறந்திருக்கின்றன. ஒன்று புன்னஹாவன் 12 (12 வருடம் ஊறியது), ஆல்கஹால் 46.3 சதவீதம், சில் ஃபில்டர் (குளிர்வித்து வடிகட்டுவது) செய்யாதது, நிறம் சேர்க்காதது. ஸ்காட்லாந்தின் ஐலா தீவுச் சரக்கு என்றாலே புகை என்று நினைத்து இதை வாங்கியவர்கள் முதல் மிடறிலேயே திகைத்துப் போவார்கள், ஏனென்றால் இதில் பீட் புகை, அதாவது சதுப்பு நிலக் கரியை எரித்துப் பார்லிக்கு ஏற்றும் புகை, கிட்டத்தட்ட இல்லவே இல்லை. உலர்திராட்சை, வறுத்த கொட்டை, கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு உப்பு. திறந்த புதிதில் இனிப்பு தூக்கலாக இருந்தது, கூடவே தீக்குச்சியை உரசி அணைத்ததும் வருமே, அந்த வாடை. இப்போது பாட்டில் பாதிக்கு வந்துவிட்டது, அந்த வாடை சுத்தமாக இல்லை, உப்பு முன்னுக்கு வந்திருக்கிறது. என் கணக்கில் இது முன்பைவிட எவ்வளவோ நல்ல விஸ்கி.

இன்னொன்று அம்ருத் ஃப்யூஷன், 50 சதவீதம். இந்தியப் பார்லியும் ஸ்காட்லாந்திலிருந்து வரும் பீட் புகையூட்டிய பார்லியும் சேர்ந்தது. இதில் கதை தலைகீழ். திறந்தபோது புகை நன்றாகத் தெரிந்தது, இப்போது பழமும் மரமும்தான் பேசுகின்றன, புகை எங்கேயோ பின்னால் போய்விட்டது. குறை சொல்லவில்லை, இன்றும் விரும்பித்தான் குடிக்கிறேன், ஆனால் வாங்கியபோது மயங்கியது அந்தப் புகைக்குத்தான்.

ஆக, மாறுவது பாட்டிலா, என் நாக்கா? அப்புறம், அடுத்து ஷெர்ரி ஒயின் பீப்பாயில் ஊறிய காஸ்க் ஸ்ட்ரென்த் (பீப்பாயிலிருந்து எடுத்துத் தண்ணீர் கலக்காமல் அடைத்தது) ஒன்று வாங்கலாமா, இல்லை நல்ல புகையுள்ள ஒன்றா என்று யோசனை. அதற்கும் வழி சொல்லுங்கள்.


பீப்பாய்வாசி:

பாட்டில்தான் மாறுகிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நீங்கள் சொன்ன தீக்குச்சி வாடை கந்தகம். அது இரண்டு வழியில் வரும். பீப்பாயில் பூஞ்சை வராமல் இருக்க உள்ளே கந்தகம் கொளுத்துவது பழைய பழக்கம், அதன் மிச்சம் விஸ்கியில் இறங்கலாம். இல்லாவிட்டால் வடிக்கும்போதே வரும்: ஆவி செம்போடு எவ்வளவு நேரம் உரசுகிறதோ அவ்வளவு கந்தகம் கழியும், உரசல் குறைந்தால் கந்தகம் தங்கிவிடும். மார்ட்லாக், கிரெய்கெல்லக்கி போன்ற இடங்களில் இன்னும் பழைய வார்ம் டப் (தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு போகும் செம்புக் குழாய், இதில் செம்போடு உரசல் குறைவு) வைத்து ஆவியைக் குளிர்விக்கிறார்கள், அதனால்தான் அவற்றில் இறைச்சிச் சாறு மாதிரி ஒரு கனம் இருக்கும். எனக்கு அந்தக் கனம் ரொம்பப் பிடிக்கும், பலருக்குப் பிடிக்காது. எப்படியானாலும் கந்தக வாடை காற்றுப் பட்டால் மெல்ல அடங்கும், அதனால் முதல் பெக்கை வைத்து ஒரு பாட்டிலுக்குத் தீர்ப்பு எழுதவே கூடாது.

நான் இப்போது குடிப்பது கிளைன்லிஷ் 14. 46 சதவீதம். இதைப் பற்றி நிறைய எழுதலாம். வாயில் வைத்ததும் மெழுகு மாதிரி ஒரு வழவழப்பு, மெழுகுவத்தியை அணைத்த பிறகு எழும் மணம், அதற்குப் பின்னால் ஆரஞ்சுத் தோல், தேன். அந்த மெழுகு பீப்பாயில் வருவதில்லை. வடிக்கும்போது முன்னாலும் பின்னாலும் ஒதுக்கும் பகுதியைச் சேர்த்து வைக்கும் தொட்டிகளில் எண்ணெய்ப் பசை படியும், அந்தப் படிவைத் துடைத்து எடுக்காமல் விட்டு வைத்திருப்பதால்தான் அந்தக் குணம் ஒவ்வொரு வடிப்பிலும் தொடர்கிறது என்பார்கள். பளபளவென்று தேய்த்துக் கழுவினால் அந்த விஸ்கியே இல்லை. பக்கத்திலேயே இருந்த பிரோரா ஆலையை 1983இல் மூடினார்கள், 2021இல் மறுபடி வடிக்கத் தொடங்கினார்கள். பழைய பிரோராவின் மெழுகைத் தேடி அலைபவர்கள் கிளைன்லிஷில் பாதி ஆறுதல் அடையலாம்.

மாற்றம் என்று பார்த்தால், திறந்த அன்று ஆரஞ்சு மூடிக்கொண்டு சாராய நெடிதான் இருந்தது, பாட்டிலின் கழுத்துக்குக் கீழே சரக்கு இறங்கிய பிறகுதான் மலர்ந்தது. இப்போது கால் பாட்டில் மிச்சம், வழவழப்பு அப்படியே இருக்கிறது, பழ மணம் கொஞ்சம் மங்கிவிட்டது. இனி தள்ளிப் போடாமல் முடித்துவிடுவேன்.


கண்மூடி_ருசி:

மேலே எழுதியவரோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். காற்றுப் பட்டு மாறுவது உண்மை, ஆனால் நாம் சொல்லும் மாற்றத்தில் பெரும்பகுதி நம் மூக்குதான். அன்றைக்குச் சளி இருந்ததா, காரமாகச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தீர்களா, அதற்கு முன்னால் வேறென்ன குடித்தீர்கள், இதெல்லாம் ஒரு மாதம் மூடி திறந்திருப்பதைவிட அதிகம் மாற்றும். புகை மிகுந்த லாகவூலின் குடித்த கையோடு ஃப்யூஷனை ஊற்றினால் அதில் புகை எங்கே தெரியும்?

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. புதுப் பாட்டிலைத் திறந்த உடனே ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் விளிம்பு வரை நிரப்பி, இறுக்கி மூடி, இருட்டில் வைத்துவிடுங்கள். குப்பியில் காற்று இல்லாததால் அது கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். பாட்டில் பாதியானதும் இரண்டையும் ஒரே மாதிரி கிளாஸ்களில் வேறொருவரை ஊற்றச் சொல்லி, எது எது என்று தெரியாமல் குடித்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அது பாட்டில், தெரியாவிட்டால் நாக்கு. இதைச் செய்யாமல் எவ்வளவு வாதாடினாலும் முடிவு வராது.

நான் குடிப்பது ஸ்பிரிங்பேங்க் 10. நான் இதைச் செய்து பார்த்ததும் இந்தச் சரக்கில்தான், வித்தியாசம் இருந்தது, ஆனால் நான் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. ஸ்காட்லாந்தின் கேம்ப்பெல்டவுன் ஊரில் 1828இலிருந்து இருக்கும் ஆலை. தனக்கு வேண்டிய பார்லி முழுவதையும் தானே தரையில் பரப்பி முளைகட்டுகிறார்கள், பாட்டிலில் அடைப்பதும் அங்கேயே. ஒரே ஆலையில் மூன்று விதம் வடிப்பார்கள்: லாங்ரோ இரண்டு முறை வடித்தது, நிறையப் புகை, ஹேஸல்பர்ன் மூன்று முறை வடித்தது, புகையே இல்லை, ஸ்பிரிங்பேங்க் இரண்டரை முறை. அரை முறை என்றால், முதல் வடிப்பில் கிடைத்ததில் ஒரு பகுதியை மட்டும் இன்னொரு தடவை வடித்துக் கலந்து கடைசி வடிப்புக்கு அனுப்புவது. புகை, உப்பு, ஈர மண், எண்ணெய், பழம் என்று எல்லாமே அளவாக இருக்கிறது, எதுவும் எதையும் அமுக்கவில்லை. ஒரே ஒரு பாட்டில்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன்.


நூற்றைந்து:

கேட்டவருக்கு நேரடியாகப் பதில்: காஸ்க் ஸ்ட்ரென்த் ஷெர்ரி வாங்குங்கள். நான் இப்போது குடிப்பது கிளென்ஃபார்க்லஸ் 105, சரியாக 60 சதவீதம். பெயரில் உள்ள 105 ஆல்கஹால் அளவைச் சொல்லும் பழைய பிரிட்டிஷ் புரூஃப் கணக்கு, அதில் 100 என்பது ஏறக்குறைய 57.1 சதவீதம்.

ஏன் இதை வாங்கச் சொல்கிறேன் என்றால், தண்ணீர் உங்கள் கையில் இருக்கிறது. 40 சதவீத விஸ்கியில் ஆலைக்காரர் ஏற்கெனவே உங்களுக்காகத் தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டார். இதில் நீங்கள் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பொறுத்து முகர்ந்து பார்த்து, எங்கே நிறுத்த வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யலாம். 60இல் வெறும் நெருப்பும் கறுப்புத் திராட்சையும். 50க்குப் பக்கத்தில் இறங்கியதும் சாக்லேட், கிராம்பு, பழைய மர அலமாரி எல்லாம் வரும். தண்ணீர் விட்டால் விஸ்கி கெட்டுவிடும் என்று சொல்பவர்களை நான் எப்போதும் எதிர்ப்பேன். 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் இருவர் கணினியில் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள்: புகை மணத்துக்குக் காரணமான குவையகால் என்ற பொருள், ஆல்கஹால் 45 சதவீதம் வரை இருக்கும் கலவையில் மேற்பரப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது, 59க்கு மேல் போனால் ஆல்கஹால் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. மேலே நின்றால்தானே மூக்குக்கு எட்டும்? கணினிக் கணக்குதான், கிளாஸில் அளந்தது இல்லை, ஆனால் நாம் அனுபவத்தில் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

இன்னொன்று. சில் ஃபில்டர் செய்யாத சரக்கில் தண்ணீர் விட்டதும் லேசாகக் கலங்கினால் பயப்பட வேண்டாம். கொழுப்பு அமில எஸ்டர்கள் கரையாமல் பிரிந்து தெரிவதுதான் அது. அதை மறைக்கத்தான் பல இடங்களில் குளிர்வித்து வடிகட்டுகிறார்கள், 46 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கலங்காது, அதனால்தான் அந்த எண்ணை இத்தனை லேபிள்களில் பார்க்கிறோம்.

மாற்றம்? 60 சதவீதச் சரக்கு அவ்வளவு சீக்கிரம் தளராது. என் பாட்டிலில் முனை மழுங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.


பாட்_ஸ்டில்:

ரெட்பிரெஸ்ட் 12. அயர்லாந்து, மிடில்டன். முளைகட்டிய பார்லி, முளைகட்டாத பார்லி இரண்டையும் சேர்த்து மூன்று முறை வடிப்பது. அந்த முளைகட்டாத பார்லிதான் வாயில் க்ரீம் மாதிரி ஒரு தடிப்பையும் மசாலாக் காரத்தையும் கொடுக்கிறது, ஸ்காட்ச் எதிலும் அது கிடையாது. 40 சதவீதம்தான், அதனால் பாதிக்குக் கீழே போனால் சீக்கிரம் மெலிந்துவிடுகிறது. நான் அந்தக் கட்டத்தில் சின்னக் குப்பிகளுக்கு மாற்றிவிடுவேன். அப்புறம் எந்தப் பாட்டிலானாலும் நிமிர்த்தியே வையுங்கள், ஒயின் மாதிரி படுக்க வைத்தால் ஆல்கஹால் கார்க்கைத் தின்றுவிடும்.


அன்றாடம்:

ஜானி வாக்கர் பிளாக் லேபிள். இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை. 12 வருடம் என்று போட்டிருந்தால் கலவையில் உள்ள மிக இளைய விஸ்கிக்கே 12 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது ஸ்காட்ச் விதி, கோதுமை, சோளம் போன்றவற்றில் வடித்துக் கலக்கும் தானிய விஸ்கிக்கும் அது பொருந்தும். மெல்லிய புகை, வனிலா, திராட்சை. இத்தனை ஆலைகளின் சரக்கைக் கலந்து, ஒவ்வொரு தடவையும் அதே சுவையைக் கொண்டுவருவது பெரிய வேலை, ஒற்றைப் பீப்பாயைத் தேர்ந்தெடுத்து அடைப்பதைவிட கடினமான வேலை என்றுகூடச் சொல்வேன். மாற்றம் பார்க்கும் அளவுக்கு என்னிடம் ஒரு பாட்டில் நிற்பதில்லை, நண்பர்கள் வந்தால் முதலில் திறப்பது இதைத்தான்.


மால்ட்மணம்:

எல்லாருக்கும் நன்றி. கண்மூடி_ருசி சொன்ன குப்பிச் சோதனையை அடுத்த பாட்டிலில் கட்டாயம் செய்கிறேன். காஸ்க் ஸ்ட்ரென்த் ஷெர்ரிதான் என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டேன், ஆனால் புகை ஆசையும் விடவில்லை. அதற்காக ஒரு சின்னக் கேள்வி: லேபிளில் போடும் பிபிஎம் எண்ணை (புகைப் பொருள் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பது) பார்த்து வாங்கினால் போதுமா? எண் அதிகம் என்றால் புகையும் அதிகம், அப்படித்தானே?


பீப்பாய்வாசி:

அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். அது பெரும்பாலும் புகையூட்டிய மால்ட்டில், அதாவது முளைகட்டிய பார்லியில், அளந்தது, கிளாஸில் உள்ள விஸ்கியில் அளந்தது இல்லை. அரைப்பது, ஊறவைப்பது, வடிப்பது என்று ஒவ்வொரு கட்டத்திலும் பீனால் (புகை மணம் தரும் பொருள்) குறைந்துகொண்டே வரும், பீப்பாயில் இன்னும் குறையும். புரூக்லாடி ஆலையின் ஆக்டோமோர் 8.3 என்ற விஸ்கிக்கு 309.1 பிபிஎம் என்று போட்டார்கள், அதைக் குடித்தால் லாகவூலினைவிட ஒன்பது மடங்கு புகை வாயில் இருக்காது.

லாகவூலினும் கல் ஈலாவும் இதற்கு நல்ல உதாரணம். இரண்டுக்கும் போர்ட் எலன் மால்ட் கூடத்திலிருந்து ஏறக்குறைய 35 பிபிஎம் அளவிலேயே மால்ட் போகிறது, ஆனால் குடித்தால் லாகவூலின் கனமாக, தார் மாதிரி. கல் ஈலா சுத்தமாக, எலுமிச்சையும் சாம்பலுமாக. வித்தியாசம் வடிகலனில் இருக்கிறது, அதை எவ்வளவு நிரப்புகிறார்கள், வடிப்பை எந்த இடத்தில் வெட்டி மீதியை ஒதுக்குகிறார்கள் என்பதில் இருக்கிறது. பீனால்கள் வடிப்பின் பின்பகுதியில்தான் அதிகம் வரும், தாமதமாக வெட்டினால் புகை கூடும்.

உங்களுக்குப் புன்னஹாவனின் உப்பு பிடித்திருக்கிறது என்பதால் கல் ஈலா 12இலிருந்து தொடங்குங்கள், 43 சதவீதம். குப்பிச் சோதனையையும் அதிலேயே செய்யுங்கள். ஷெர்ரிச் சரக்கைவிடப் புகைச் சரக்கில் மாற்றம் பிடிபடுவது எளிது. கிளாஸைக் கழுவும்போது சோப்பு மணம் தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சோதனை முழுக்கப் பாழ்.