மறு: 'தெபார்த்தமெந்தோ': துறையா, மாவட்டமா, கூற்றமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். அர்ஜென்டினாவின் மெந்தோசா மாகாணத்தைப் பற்றிய கட்டுரைக்காக, மாகாணத்தின் உட்பிரிவைக் குறிக்கும் 'தெபார்த்தமெந்தோ' என்ற ஸ்பானியச் சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதலாம் என்று கேட்டிருந்தேன். 'துறை', 'மாவட்டம்', 'கோட்டம்' என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றையும் கட்டுரையின் வாக்கியங்களில் பொருத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

மெந்தோசா கடலைக் காணாத மாகாணம். மேற்கே ஆண்டீஸ் மலைத்தொடர்தான் சிலியுடனான எல்லை. ஏறத்தாழ 1,49,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்நிலம் 18 தெபார்த்தமெந்தோக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. 6,961 மீட்டர் உயரமுள்ள அகோன்காகுவா சிகரம் லாஸ் ஏராஸ் என்னும் தெபார்த்தமெந்தோவில் இருக்கிறது. இதைத் 'துறை' என்று எழுதினால் சிகரம் ஏதோ அலுவலகத்துக்குள் நிற்பதாகப் படும் என்பதைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். உண்மையான சிக்கல் வேறு. 1916-இல் இயற்றப்பட்டு, இடையிடையே திருத்தங்களுடன் இன்றும் நடப்பிலுள்ள அம்மாகாணத்தின் அரசியலமைப்பு, ஒவ்வொரு தெபார்த்தமெந்தோவுக்கும் ஒரு முனிசிபாலிதாத் (உள்ளாட்சி அமைப்பு) உண்டு என்றும், அந்த முனிசிபாலிதாத் ஒரு செயல் தெபார்த்தமெந்தோவும் ஓர் ஆய்வு தெபார்த்தமெந்தோவும் (விவாதித்து முடிவெடுக்கும் மன்றம்) கொண்டது என்றும் சொல்கிறது. போதாக்குறைக்கு, ஆறுகளையும் கால்வாய்களையும் ஆளும் தன்னாட்சி அமைப்பின் பெயரும் நீர்ப்பாசனப் பொதுத் தெபார்த்தமெந்தோதான். ஆக, நிலப்பிரிவு, ஆட்சிமன்றத்தின் கிளை, அரசுத் துறை என மூன்றுக்கும் ஸ்பானிய மொழியில் ஒரே சொல். 'துறை' என்பதை மூன்றாவதற்கு மட்டும் விட்டுவைப்பதே முறை.

'மாவட்டம்' இயல்பாக வாயில் வருகிறது என்று நண்பர் எழுதியது சரி. ஆனால், மெந்தோசாவின் தெபார்த்தமெந்தோக்கள் மேலும் பல 'திஸ்த்ரீதோ'க்களாகப் பிரிகின்றன. ஆங்கில 'டிஸ்ட்ரிக்ட்'டை ஒத்த ஒலியை வைத்தே அதை 'மாவட்டம்' என்று எவரேனும் எழுதப்போவது உறுதி. அப்போது மாவட்டத்துக்குள் மாவட்டம் வரும். திஸ்த்ரீதோவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கிடையாது என்பதால் 'பகுதி' என்ற எளிய சொல் போதும். 'மாவட்டம்' என்றவுடன் நம் மனத்தில் ஓர் ஆட்சியரும் வந்து அமர்ந்துவிடுகிறார். மெந்தோசாவில் மேலிருந்து அனுப்பப்படும் அப்படியொருவர் இல்லை. முனிசிபாலிதாத்தின் தலைவராக மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் 'இந்தெந்தெந்தே' இருக்கிறார்.

அர்ஜென்டினாவிலேயே இன்னோர் உதாரணம் இதை இன்னும் தெளிவாக்கும். கோர்தோபாவும் கடலற்ற மாகாணமே. அங்கே 26 தெபார்த்தமெந்தோக்கள். ஆனால் அவற்றுக்கு ஆட்சியே இல்லை. மக்கள்தொகைக் கணக்குக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதற்கும் அவை பயன்படுகின்றனவே தவிர, குப்பை அள்ளுவதும் தெருவிளக்குப் போடுவதும் அவற்றுக்குள் சிதறிக் கிடக்கும் 400-க்கும் மேற்பட்ட முனிசிபாலிதாத்களின், கொமூனாக்களின் (சிற்றூர்களின் உள்ளாட்சி அமைப்புகள்) வேலை. ஓர் ஊரின் ஆட்சியெல்லை முடிந்து அடுத்த ஊரின் எல்லை தொடங்கும் வரை கிடக்கும் வயல்வெளி எந்த உள்ளாட்சிக்கும் உட்பட்டதன்று. மெந்தோசாவிலோ ஒரு சாண் நிலமும் விடுபடுவதில்லை. ஒரே சொல் ஓரிடத்தில் ஆட்சியோடும் மறு இடத்தில் ஆட்சியில்லாமலும் வழங்குவதால், நாம் தேடும் சொல் நிலத்தின் பிரிவை மட்டுமே குறிக்க வேண்டும், ஆட்சியைத் தன்னுள் வைத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து.

'கோட்டம்' பழைய சொல்தான். ஆயினும் வருவாய்க் கோட்டம், மின்வாரியக் கோட்டம் என்று அது இன்று அலுவலகத்தின் பெயராகிவிட்டது. தஞ்சாவூர்க் கூற்றம், ஆவூர்க் கூற்றம் என்று சோழர் கல்வெட்டுகளில் வரும் 'கூற்றம்' இன்று எந்த அலுவலகப் பலகையிலும் இல்லை. கூறுபடுத்திய நிலம் என்ற பொருள் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதனாலேயே அதைப் பரிந்துரைக்கிறேன். கூற்றம் என்றால் எமன் அல்லவா என்று கேட்பீர்கள். உயிரையும் உடலையும் கூறுபடுத்துவதால் அவனுக்கு அப்பெயர் என்பது மரபான விளக்கம், வேர் ஒன்றே. ஊர்ப்பெயரோடு சேர்ந்து வரும்போது எவரும் மயங்கப்போவதில்லை. ஆனால் அதிலிருந்து 'கூற்றாட்சி' என்று கூட்டுச்சொல் ஆக்க முயன்றபோது எனக்கே திகில் பிடித்தது, அதைக் கைவிட்டேன்.

அப்படியானால் முனிசிபாலிதாத்துக்கு என்ன சொல்? 'நகராட்சி' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. மாகாணத் தலைநகர் அமைந்த கூற்றம் 54 சதுர கிலோமீட்டர்தான். அதற்கு நகராட்சி பொருந்தும். தெற்கேயுள்ள மலார்குவே, 1950-இல் தனிக் கூற்றமானது, 41,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து ஏறத்தாழ சுவிட்சர்லாந்து அளவு இருக்கிறது. எரிமலைக் கற்களும், கோடையில் ஆடுகளை உயரமான மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டிச்செல்லும் குடும்பங்களுமே அதன் பெரும்பகுதி. இரண்டையும் 1934-ஆம் ஆண்டின் 1079-ஆம் எண் சட்டம் ஒரே அச்சில் வார்க்கிறது. ஆகவே 'உள்ளாட்சி மன்றம்' என்ற பொதுச்சொல்லையும், இந்தெந்தெந்தேவுக்கு 'மன்றத் தலைவர்' என்பதையும் கட்டுரையில் பயன்படுத்தியிருக்கிறேன். பிந்தையது எனக்கு முழு நிறைவளிக்கவில்லை. ஆய்வு மன்றத்துக்குத் தனித் தலைவர் இருப்பதால் குழப்பம் வரலாம். 'ஆட்சித் தலைவர்' மேலா என்று சொல்லுங்கள்.

பொலிவியாவைப் பற்றி எழுதுவோர் கவனிக்க: அங்கே வரிசை தலைகீழ். ஒன்பது தெபார்த்தமெந்தோக்களும் மேலே, அர்ஜென்டினாவில் நாம் 'மாகாணம்' என்று எழுதும் 'ப்ரோவின்சியா'க்கள் அவற்றுக்குள்ளே. கூற்றம் பெரியது சிறியது என்று அளவைச் சுட்டாததால் அங்கும் நிற்கும். 'மாகாணம்' அங்கே இடறும். அதைத் தனி இழையில் பேசலாம்.

கடைசியாக ஒரு சொல்லுக்கு உங்கள் ஒப்புதல் வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழையே பெறும் மெந்தோசாவில், நடைபாதைக்கும் சாலைக்கும் இடையே ஓடும் கல் வாய்க்கால்கள்தாம் தெருமரங்களைக் காப்பாற்றுகின்றன. வீட்டுக்குள் நுழையச் சிறு பாலத்தைத் தாண்ட வேண்டும். 1884-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படி பாசன உரிமை நிலத்தோடு ஒட்டியது. நிலத்தை விட்டுத் தண்ணீரை மட்டும் விற்க முடியாது. முறை வைத்து மதகைத் திறந்து ஒவ்வொரு தோட்டத்துக்கும் நீர் விடுபவர் 'தோமேரோ'. இதற்கு 'மதகுப் பணியாளர்' என்று ஒருவர் குறித்திருந்தார். நம் ஏரிக்கரைகளில் அதே வேலையைச் செய்பவருக்கு 'நீர்க்கட்டி' என்ற பெயர் இருக்கும்போது புதிதாக ஒன்றை ஆக்குவானேன்? மறுப்பு இல்லையெனில் வரும் ஞாயிறன்று 'நீர்க்கட்டி' என்றே கட்டுரையில் மாற்றிவிடுகிறேன்.