உதவி: கடை கம்ப்யூட்டர் தானாக அணைகிறது, அவசரம்

நீடாமங்கலம்_ஜெராக்ஸ்:
போட்டுப் பத்து நிமிஷத்தில் சிஸ்டம் அணைந்துவிடுகிறது. ஃபேன் பயங்கரமாகச் சத்தம் போடுகிறது. பட்டா, சிட்டா எடுக்க ஆட்கள் நிற்கிறார்கள். யாராவது சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
என்ன ப்ராசசர்? வாங்கி எத்தனை வருஷம்? சூடு எவ்வளவு காட்டுகிறது?

குடந்தை_சர்வீஸ்:
எஸ்எம்பிஎஸ்தான், அதாவது சிஸ்டத்துக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டி. போர் மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். மாற்றிவிடுங்கள்.

பழைய_மதர்போர்டு:
இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை எழுதியாயிற்று. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கப் பழகுங்கள். சூடு எல்லை தாண்டினால் ப்ராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால்தான் அணையும். சில நாளாகவே மெதுவாக ஓடியதா, இல்லையா?

நீடாமங்கலம்_ஜெராக்ஸ்:
ஆமாம், ஒரு வாரமாக மெதுவாகத்தான் ஓடுகிறது. ஐ3 10100, 2021இல் வாங்கியது. பயாஸில் (சிஸ்டம் தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) 94 டிகிரி. எதிரே கொள்முதல் நிலையம், வாசலிலேயே நெல் தூற்றுகிறார்கள், அதனால் இருக்குமா?

வெண்ணாற்றங்கரை:
அதை முதலிலேயே சொல்லக்கூடாதா தம்பி! அந்த சிப்புக்கு எல்லையே 100. பயாஸில் சும்மா நிற்கும்போதே 94 என்றால் சூடு வெளியேற வழியில்லை. நெல் சுணையும் தூசியும் ஃபேனுக்குக் கீழே அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கம்பளி மாதிரி படிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, ஃபேனைக் கழற்றிப் பாருங்கள். பெயின்ட் பிரஷ் போதும். ப்ளோயர் அடித்தால் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ப்ராசசர் மேல் சூடு கடத்தத் தடவியிருக்கும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு ஓர் அரிசி அளவு புதிது வையுங்கள். கூலரை (ஃபேனும் தகடும் சேர்ந்தது) மாட்டும்போது அதன் நான்கு காலையும் எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள், ஒவ்வொன்றும் 'டக்' என்று விழ வேண்டும்.

மன்னை_கேமர்:
பேசாமல் வாட்டர் கூலிங் போடுங்கள் அண்ணா. நான் போட்டிருக்கிறேன், அருமை.

பழைய_மதர்போர்டு:
65 வாட் சிப்புக்கு எதற்கு? தண்ணீர் சூட்டைச் சுமந்துபோய் ரேடியேட்டரில் அறைக் காற்றிடம்தான் கொடுக்கிறது. அறை 38 டிகிரி என்றால் அதற்குக் கீழே எதுவும் இறங்காது. அந்த ரேடியேட்டரிலும் இதே சுணை அடைக்கும்.

மன்னை_கேமர்:
ஏர் கூலரைப் பக்கத்தில் வைத்தால் அறை குளிருமே?

குடந்தை_சர்வீஸ்:
வேண்டாம். ஈரக்காற்றோடு தூசி சேர்ந்தால் சேறாக ஒட்டும். ஒரு ஜவுளிக் கடை போர்டில் பின்கள் பச்சை பூத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன். எஸ்எம்பிஎஸ்ஸையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

மன்னை_கேமர்:
எங்கள் வீட்டில் இரண்டு கோடை ஓடியது, ஒன்றும் ஆகவில்லை.

வெண்ணாற்றங்கரை:
உங்கள் வீட்டு வாசலில் நெல் தூற்றுவதில்லையே. தம்பி, பிரித்தீர்களா?

நீடாமங்கலம்_ஜெராக்ஸ்:
பிரித்தேன். சுணை மெத்தை மாதிரி கிடந்தது. ப்ராசசர் கூலரில் ஒரு கால் மேலே எழும்பியும் இருந்தது. இப்போது 43. ரொம்ப நன்றி அண்ணா, கடையில் கூட்டம்.

வெண்ணாற்றங்கரை:
அந்தக் கால் லூசா, உடைந்திருக்கிறதா? உடைந்திருந்தால் மறுபடி எழும்பும், கூலரையே மாற்ற வேண்டும். பார்த்துச் சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
தம்பி?