யட்சியும் மந்திரவாதியும்: பகை காதலாக எத்தனை அத்தியாயம் வேண்டும்?

கேள்வி
நாஞ்சில் நாட்டு யட்சிக் கதைகளை வைத்து ஒரு இருண்ட ஃபேன்டஸி நாவல். 40 அத்தியாயம், சுமார் 80,000 சொல். அவள் யட்சி, ஆண்களை மயக்கிக் கொல்லும் பெண்பேய். அவன் அவளை ஏழிலைப்பாலை மரத்தில் ஆணியடித்துத் தறைக்க வந்த மந்திரவாதி. 9 வரை கொலைவெறி, 12இல் முத்தம். படித்தவர்கள் "என்ன, திடீர்னு லவ்வா?" என்கிறார்கள். முத்தத்தை 25க்குத் தள்ளினால் சரியாகுமா?

பனங்காட்டு நரி
வெறுமனே தள்ளினால் நடுவில் 13 அத்தியாயத்துக்கு இருவரும் முறைத்துக்கொண்டே இருப்பார்கள், அவ்வளவுதான். உங்கள் கதையில் இல்லாதது மரியாதை. வெறுப்புக்கும் ஆசைக்கும் நடுவே, எதிராளியின் திறமையையோ நேர்மையையோ வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொள்ளும் கட்டம் ஒன்று வேண்டும்.

அதை அளக்க நாட்டார் கதையிலேயே ஒரு பொருள் இருக்கிறது: சுண்ணாம்பு. யட்சி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். விரலால் கொடுத்தவன் தொலைந்தான், இரும்பு நுனியில் நீட்டினவன் பிழைத்தான். 3ஆம் அத்தியாயத்தில் கத்தி நுனியில், அதுவும் கை நடுங்க நீட்டட்டும். 14இலும் கத்திதான், ஆனால் நடுக்கம் இல்லை, பேசிக்கொண்டே கொடுக்கிறான். 21இல் இலையில் தடவிக் கல்மேல் வைக்கிறான், நடுவில் இரும்பு இல்லை. 25இல் விரல். அதற்குமேல் முத்தம் தேவையா என்பதே சந்தேகம்.

இரவல் பேனா
சுண்ணாம்பு யோசனை அருமை. ஆனால் அவன் இளகும் வேகத்தில் அவளும் சாதுவாகிவிட்டால் கதை செத்தது. அவள் பசி கடைசிவரை பசியாகவே இருக்கட்டும்; 18 வாக்கில் ஒரு பலி விழுந்து, அவன் இரண்டு படி பின்வாங்க வேண்டும். பலி யார் என்பதில் கவனம். அவன் தம்பியை வாசகர் கண்ணெதிரே கொன்றால் 40 அத்தியாயம் என்ன, 400 போதாது.

பழையனூர் நீலியைப் பாருங்கள். முற்பிறவியில் தன்னைக் கொன்ற வணிகனைப் பழிவாங்க வந்த பேய் அவள்; அவனுக்குக் காவல் கையிலுள்ள கத்திதான். அந்தக் கத்தியை அவள் பறிக்கவில்லை. கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர் வேளாளர் 70 பேரையும் பிணை சொல்லவைத்து, அவர்கள் வாயாலேயே கத்தியைக் கீழே வைக்கச் சொல்கிறாள். இந்தக் கதை தெரிந்த வாசகருக்கு, உங்கள் ஆள் 25இல் தானாகவே இரும்பை விடும்போது வயிறு கலங்கும். அந்தப் பயம் 30 வரை தீரக் கூடாது. துரோகமா இல்லையா என்பது அங்கேதான் தெரியவேண்டும்.

பனங்காட்டு நரி
18இல் பலி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் 21இல் இலையை வைத்துவிட்டு அவன் உடனே எட்ட விலகட்டும்.

ஓலைச்சுவடி
யார் பார்வையில் கதை போகிறது? இருவர் மனதையும் மாற்றி மாற்றிக் காட்டினால் 5ஆம் அத்தியாயத்திலேயே குட்டு உடைந்துவிடும். 20 வரை அவன் பார்வை மட்டும். அவளுக்கு என்ன தோன்றுகிறது என்பதைச் செய்கையில் காட்டுங்கள். பிறகு ஒவ்வொரு சண்டைக் காட்சிக்கும் ஓரத்தில், ஒருவரைப் பற்றி மற்றவருக்குப் புதிதாக என்ன தெரிந்தது என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். வரி வராத காட்சிகளை ஒன்றாகச் சேர்த்துவிடலாம்.